17 நாள் வெளியூர்ப் பயணம், வீட்டில் இரண்டு பாம்புகள்

கேள்வி: என்னிடம் 4 வயதுப் பெண் பால் பைத்தான் (Ball Python, மலைப்பாம்பில் ஒரு வகை) ஒன்றும், 7 மாதக் கார்ன் ஸ்நேக் (Corn Snake, விஷமற்ற பாம்பு) குட்டி ஒன்றும் இருக்கின்றன. பெரியது 1,450 கிராம். 14 நாளுக்கு ஒருமுறை ஓர் எலி தின்னும். குட்டி 45 கிராம்; வாரம் ஒரு சுண்டெலிக் குட்டி. அடுத்த மாதம் 17 நாள் குடும்பத்தோடு வெளியூர் போகிறோம். கிளம்பும் அன்று இரண்டுக்கும் வயிறு நிறையக் கொடுத்துவிட்டால் தாங்குமா? மூன்று நாளுக்கு ஒருமுறை வந்து பார்க்கிறேன் என்கிறான் தம்பி. ஆனால் அவனுக்குப் பாம்பென்றால் பயம். ஆளில்லாத வீட்டில் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருப்பதை நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. பகலில் அணைத்து வைக்கலாமா? இல்லையென்றால், நிறையப் பாம்பு வளர்க்கும் நண்பர் வீட்டில் விட்டுப் போகலாமா? (ஒரு வாசகி)

பதில்: முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். கிளம்பும் அன்று இரை கொடுக்காதீர்கள். ஹீட்டரை அணைக்காதீர்கள். நண்பர் வீட்டுக்குக் கொண்டுபோகவும் வேண்டாம். தம்பி வரட்டும், பயம் இருப்பதால் ஒரு கெடுதலும் இல்லை. அவர் பாம்பைத் தொடவே தேவையில்லாதபடி ஏற்பாடு செய்துவிட்டுப் போவது உங்கள் பொறுப்பு.

உங்கள் கேள்வியில் கவலை முழுவதும் பசியைச் சுற்றியே இருக்கிறது. நாய், பூனை வளர்த்துப் பழகிய நமக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆள் இல்லாத வீட்டில் பாம்புக்கு ஆபத்து வருவது பசியால் அல்ல. சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் சென்சார் இடம் மாறித் தொட்டி கொதித்துப் போவது, மூடி சரியாகப் பூட்டாமல் பாம்பு வெளியேறுவது, தண்ணீர்க் கிண்ணம் அசுத்தமாகியோ கவிழ்ந்தோ கிடப்பது: இந்த மூன்றும்தான். நல்ல உடம்போடு இருக்கும் வளர்ந்த பால் பைத்தான், இணைசேரும் காலத்தில் மாதக்கணக்கில் தானாகவே இரையை மறுக்கும். அதற்கு மூன்று நாலு வார இடைவெளி ஒரு பொருட்டே இல்லை.

அப்படியானால் கிளம்பும் அன்று கொடுத்தால்தான் என்ன? பாம்பின் செரிமானம் முழுக்க முழுக்க வெளிச்சூட்டை நம்பியது. எலியை விழுங்கிய பைத்தான் 31, 32 டிகிரிச் சூட்டில் கிடந்தால்தான் வயிற்று அமிலமும் நொதிகளும் ஒழுங்காக வேலை செய்யும். இரண்டாம் நாளே மின்சாரம் போய்த் தொட்டி 22 டிகிரிக்கு இறங்கினால், உள்ளே இருக்கும் இரை செரிக்காமல் அழுகத் தொடங்கும். பாம்பு அதைக் கக்கிவிடும். கக்குவது நாம் நினைப்பதுபோல் சாதாரண வாந்தி இல்லை. அமிலம் உணவுக்குழாயைப் புண்ணாக்கும், உடலில் நீரும் குறையும், பழையபடி இரையெடுக்க வாரங்கள் ஆகும். வயிறு காலியாக இருக்கும் பாம்புக்கு அதே 22 டிகிரி, ஒரு நாள் பொறுத்துக்கொள்ளக்கூடிய குளிர்தான். வெறும் வயிற்றோடு விட்டுப் போவதுதான் இங்கே பாதுகாப்பு.

ஆகவே கணக்கு இப்படி. பெரியதற்குப் புறப்படுவதற்கு 7 நாள் முன்பு வழக்கமான அளவில் கடைசி இரை. குட்டிக்கு 4 நாள் முன்பு. வழக்கத்தைவிடப் பெரிய இரையோ, இரண்டு இரையோ வேண்டாம். இந்த இடைவெளியில் குட்டி பெரும்பாலும் கழிவைப் போட்டுவிடும். கிளம்புமுன் சுத்தம் செய்துவிடலாம். பைத்தான் சில சமயம் இன்னும் அதிக நாள் எடுத்துக்கொள்ளும், அதனால் தம்பி ஒருமுறை கழிவை அள்ள நேரலாம் என்பதை மட்டும் சொல்லி வையுங்கள். திரும்பி வந்து இரண்டு நாள் கழித்து இரை கொடுத்தால் பெரியதற்கு 26 நாள் இடைவெளி. கவலையே வேண்டாம்.

குட்டிக்கு அதே கணக்கு 23 நாள் ஆகிறது. வளரும் வயது என்பதால் இது நீளம்தான். வளர்ச்சி கொஞ்சம் நின்று தொடரும். முதுகெலும்பு கூர்மையாகத் துருத்தாமல், உடம்பு உருண்டையாக, கடந்த ஐந்தாறு இரையையும் மறுக்காமல் தின்ற குட்டியாக இருந்தால் உயிருக்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் நடுவில், ஒன்பது பத்தாம் நாள் வாக்கில் ஒருவேளை இரை கிடைத்தால் நல்லது. அதைத் தம்பி தலையில் கட்டாதீர்கள். புதியவர் கையில் இரை கொடுக்கும் வேலை பல வழிகளில் கெட்டுப்போகும்: ஃப்ரீசரில் உறைந்த, உள்ளே பனி உருகாத சுண்டெலியைக் கொடுப்பார், மைக்ரோவேவில் வைத்து வெடிக்கவிடுவார், தின்னாத இரையை எடுக்க மறப்பார், பதற்றத்தில் மூடியைத் திறந்தபடி விட்டுவிடுவார். அந்தப் பாம்பு வளர்க்கும் நண்பரை இதற்குக் கேளுங்கள். அவர் வீட்டுப் பாம்புகளைத் தொடுவதற்கு முன், குளித்து உடை மாற்றி, உங்கள் வீட்டு இடுக்கியாலேயே கொடுத்துவிட்டுப் போகட்டும். அவருக்கு முடியாவிட்டால் அந்த ஒருவேளையை விட்டுவிடலாம். அரைகுறையாகக் கொடுப்பதைவிட அது மேல்.

இனி உண்மையான வேலைக்கு வருவோம். சூடு.

பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கார்ன் ஸ்நேக்குக்குச் சூடான பக்கம் 28 முதல் 30, குளிர்ந்த பக்கம் 22 முதல் 25. இரண்டு தொட்டிக்கும் தனித்தனித் தெர்மோஸ்டாட் கட்டாயம். ஒரே தெர்மோஸ்டாட்டில் இரண்டு ஹீட்டரையும் மாட்டினால், சென்சார் இருக்கும் தொட்டியை மட்டும் அது பார்க்கும்; மற்றது அதன் போக்கில் காயும். ஹீட் மேட் (தொட்டிக்கு அடியில் வைக்கும் சூடேற்றும் விரிப்பு) தொட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. சூடு கூடினால் பாம்பு ஒதுங்கிப் போக இடம் வேண்டும் அல்லவா.

சென்சாரை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று இன்றைக்கே பாருங்கள். தொட்டிக்குள் சும்மா போட்டு வைத்திருந்தால், ஒன்றரைக் கிலோப் பாம்பு ஊர்ந்து போகிற போக்கில் அதைக் குளிர்ந்த பக்கம் தள்ளிவிடும். தண்ணீர்க் கிண்ணத்தில் விழுந்தாலும் அதே கதி. சென்சார் "இன்னும் குளிராகத்தான் இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். ஹீட்டர் நிற்காமல் ஓடும். கண்ணாடித் தரை 45 டிகிரியைத் தாண்டும். கை வைத்தால் நாம் இழுத்துக்கொள்வோம். பாம்பு அப்படிச் செய்யாது. மேலே காற்று குளிர்ந்திருந்தால், அடிவயிறு வெந்துகொண்டிருக்கும்போதும் அங்கேயே சுருண்டு கிடக்கும். வயிற்றுச் செதில்களில் முதலில் இளஞ்சிவப்பு, பிறகு கொப்புளம், பிறகு பழுப்பாக உரியும் தோல். ஆற மாதங்கள் ஆகும்.

சென்சாருக்குப் பாதுகாப்பான இடம், தொட்டிக்கு வெளியே, ஹீட் மேட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில். அங்கே டேப் போட்டு ஒட்டலாம். தொட்டிக்கு உள்ளே மட்டும் எந்த டேப்பும் வேண்டாம். ஓரம் கொஞ்சம் கிளம்பினால் போதும், பாம்பின் தோல் ஒட்டிக்கொள்ளும். அது இழுக்கும்போது செதிலோடு பிய்ந்து வரும். உள்ளேதான் வைக்க வேண்டுமென்றால் சிலிக்கான் பசையால் ஒட்டி, வாசனை முழுதாகப் போகும்வரை பாம்பை வேறு இடத்தில் வையுங்கள். வெளியே வைத்த சென்சாருக்கும் தரைச் சூட்டுக்கும் சில டிகிரி வித்தியாசம் வரும். அதனால் தெர்மோஸ்டாட்டில் தெரியும் எண்ணை நம்பாமல், மரச்சீவலை ஒதுக்கிவிட்டு வெறும் கண்ணாடியின் சூட்டை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்து பாருங்கள். பாம்பு தோண்டிக்கொண்டு போய்ப் படுப்பது அந்தக் கண்ணாடியில்தான். பைத்தான் தொட்டியில் அது 34 டிகிரியைத் தாண்டாமல் இருக்கும்படி அமையுங்கள். ஹீட் மேட்டுக்கு மேல் மரச்சீவல் படுகை இரண்டு மூன்று சென்டிமீட்டர் போதும்.

தெர்மோஸ்டாட்டே பழுதானால்? ஆன் நிலையிலேயே ரிலே (உள்ளே இருக்கும் மின் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவது அவ்வளவு அரிதல்ல. இதற்கு ஒரு காப்பு உண்டு; 17 நாள் பயணத்துக்கு நாங்கள் கண்டிப்பாகச் சொல்வது இதைத்தான். சாதாரண ஆன்-ஆஃப் வகைத் தெர்மோஸ்டாட் இன்னொன்று வாங்கி, சுவரிலுள்ள பிளக்கில் முதலில் அதை மாட்டுங்கள். பைத்தான் தொட்டிக்கு அதில் 36 டிகிரி வையுங்கள். இப்போது பயன்படுத்தும் தெர்மோஸ்டாட்டை 32இல் வைத்து, அதன் பிளக்கைப் புதியதில் சொருகுங்கள். ஹீட்டர் வழக்கம்போல் பழையதில். இரண்டு சென்சாரும் ஒரே இடத்தில், தனித்தனியாக ஒட்டியபடி. வழக்கமான நாட்களில் புதியது எதுவும் செய்யாது. பழையது ஒட்டிக்கொண்டு சூடு ஏறினால் 36இல் புதியது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். சுவர்ப்பக்கம் இருப்பது ஆன்-ஆஃப் வகையாகத்தான் இருக்க வேண்டும். வெளிச்சத்தைக் குறைத்துக் கூட்டும் டிம்மிங் வகையை அந்த இடத்தில் போட்டால், அதன் பின்னால் வரும் கருவி கெட்டுப்போகும்.

ஹீட்டரைப் பகலில் அணைப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். தீப்பிடிக்குமோ என்ற பயம் நியாயமானது. ஆனால் தெர்மோஸ்டாட்டில் அடங்கிய ஹீட் மேட்டைவிட, தளர்ந்த சாக்கெட்டும் நாலைந்து பிளக் சொருகிய எக்ஸ்டென்ஷன் பெட்டியும்தான் அதிக ஆபத்து. பிளக் சூடாகிறதா, கறுத்திருக்கிறதா என்று பாருங்கள். மேட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பழுப்புத் திட்டு, மடிப்பு, தண்ணீர் இறங்கிய தடம் எதுவும் இருந்தால் புதியது மாற்றுங்கள். தொட்டியிலிருந்து வரும் வயர் நேராகச் சாக்கெட்டுக்குப் போகாமல், சாக்கெட்டைவிடக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறட்டும். தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவில் சொட்டிவிடும். மேட்டுக்கும் மேசைக்கும் நடுவே காற்று புகும் இடைவெளி இருக்கட்டும். தொட்டியின் மூலைகளில் சிறிய கால்கள் வைத்தால் போதும். பல்ப் வைத்திருந்தால் கிளம்பும் வாரம் புதிது மாற்றி, பழையதைத் தம்பியிடம் உபரியாகக் கொடுங்கள்.

பலரும் மறந்துபோகும் ஒன்று, வீட்டின் சூடு. நீங்கள் இருக்கும்போது ஜன்னல் திறந்திருக்கும், ஃபேன் ஓடும், ஏசியோ அறை ஹீட்டரோ போடுவீர்கள். பூட்டிய வீடு வேறு. தெர்மோஸ்டாட்டால் ஹீட்டரை நிறுத்தத்தான் முடியும். அறையைக் குளிர்விக்க முடியாது. பூட்டிய அறை 35 டிகிரிக்குப் போனால் தொட்டியில் குளிர்ந்த பக்கம் என்று ஒன்று இருக்காது, அந்தச் சூட்டில் கார்ன் ஸ்நேக் குட்டி அதிக நேரம் தாங்காது. குளிர்காலத்தில் இதற்கு நேர்மாறு: மேட் முழுநேரம் ஓடியும் காற்று சூடேறாது.

எனவே புறப்படும் வாரத்துக்கு முந்தைய வாரம் இரண்டு நாள் ஒத்திகை பாருங்கள். பயணத்தின்போது எப்படி இருக்குமோ அப்படியே அந்த அறையைப் பூட்டி, திரைச்சீலையை இழுத்துவிடுங்கள். அதிகபட்சம், குறைந்தபட்சம் இரண்டையும் நினைவில் வைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டரை ஒவ்வொரு தொட்டியிலும் சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என்று வையுங்கள். 48 மணி நேரத்துக்குப் பிறகு எண்களைப் பார்த்தால் வீடு என்ன செய்கிறது என்று தெரிந்துவிடும். கண்ணாடித் தொட்டிமேல் எந்த நேரத்திலும் நேர்வெயில் படக் கூடாது. மாலை வெயில் அரை மணி நேரம் விழும் இடமாக இருந்தாலும் தொட்டியை நகர்த்துங்கள். ஒத்திகையின்போதே மெயின் சுவிட்சைப் பத்து நிமிடம் அணைத்துவிட்டுப் போடுங்கள். சில தெர்மோஸ்டாட்டுகள் மின்சாரம் திரும்பியதும் நீங்கள் வைத்த எண்ணை மறந்து பழைய எண்ணுக்குப் போய்விடும். சில, பொத்தானை அழுத்தினால்தான் வேலையைத் தொடங்கும். இப்படிப்பட்ட கருவியை ஆளில்லாத வீட்டில் நம்பக் கூடாது, மாற்றிவிடுங்கள். விளக்குக்கு டைமர் வைத்திருந்தால் பேட்டரி உள்ள வகையாகப் பாருங்கள். முள் சுழலும் வகை, மின்சாரம் போன நேரமெல்லாம் பின்தங்கி இரவைப் பகலாக்கிவிடும்.

அடுத்தது பூட்டு. 45 கிராம் குட்டி பென்சில் பருமன்தான். தலை நுழையும் இடைவெளியில் மொத்த உடம்பும் போய்விடும். இரவு முழுவதும் மூடியின் ஓரத்தை மூக்கால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது கார்ன் ஸ்நேக்கின் குணம். சறுக்குக் கண்ணாடி இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்தில் உள்ள சந்து, வயர் நுழையும் துளை, வலை மூடியின் மூலை: இந்த மூன்று இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். மேல் மூடிக்கு நான்கு பக்கமும் கிளிப் வேண்டும். மேலே புத்தகம் வைப்பதெல்லாம் பூட்டு ஆகாது. கண்ணாடிக் கதவுக்குச் சாவிப் பூட்டு போடுங்கள். சாவி தம்பியிடம் ஒன்று, அவசரத்துக்கு வரும் நண்பரிடம் ஒன்று.

தண்ணீருக்குக் கனமான பீங்கான் கிண்ணம் ஒவ்வொரு தொட்டியிலும் இரண்டு. ஒன்றில் பாம்பு கழிவைப் போட்டாலும் அடுத்தது இருக்கும். பைத்தானுக்கு அது உடம்பை நனைத்துக்கொள்ளும் அளவு பெரியதாக, குட்டிக்கு அது கவிழ்க்க முடியாத அளவு தாழ்வாக. கதவை ஒட்டி வையுங்கள், தம்பி கையை ஆழமாக நீட்ட வேண்டாம். பைத்தானுக்கு ஈரப்பதம் 55 முதல் 70 சதவீதம் வேண்டும், கார்ன் ஸ்நேக்குக்கு 40 முதல் 50 போதும். பைத்தான் தொட்டியின் வலை மூடியில் பாதியை, ஹீட்டர் பல்ப் இல்லாத பக்கமாக, மூடிவைத்தால் ஈரம் தங்கும். கூடவே ஸ்பாக்னம் பாசியை நனைத்து, பிழிந்து, ஒரு மறைவிடப் பெட்டிக்குள் வையுங்கள். தினமும் தண்ணீர் தெளிக்கும்படி தம்பியிடம் சொல்லாதீர்கள். எவ்வளவு என்று தெரியாமல் படுகை நனைந்து கிடந்தால் வயிற்றுச் செதில் அழுகும்.

17 நாளில் இரண்டில் ஒன்று சட்டை உரிக்க வாய்ப்பு அதிகம். அப்போது நிறம் மங்கி, கண் பால் படர்ந்ததுபோல் நீலச் சாம்பலாகும். பாம்பு செத்துவிட்டதோ, கண் போய்விட்டதோ என்று தம்பி பதறுவார். முன்கூட்டியே ஒரு படம் காட்டிவிடுங்கள். சில நாளில் கண் தெளியும், அதன்பின் சில நாளில் சட்டை கழலும். ஒட்டிக்கொண்டிருக்கும் தோலை யாரும் இழுக்கக் கூடாது. உரித்த சட்டையை எடுத்து வைக்கச் சொன்னால் போதும்; வந்ததும் இரண்டு கண்மூடியும் (கண்ணை மூடியிருக்கும் மெல்லிய தோல்) வால்நுனியும் அதில் இருக்கின்றனவா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

பாம்பென்றால் படையும் நடுங்கும்போது தம்பி நடுங்குவதில் ஆச்சரியமில்லை. அவரை ஒருமுறை வரவழைத்து, நீங்கள் பக்கத்தில் நிற்க, கிண்ணத்தை அவர் கையாலேயே மாற்றச் சொல்லுங்கள். வாயால் எத்தனை முறை விளக்கினாலும் அதற்கு ஈடாகாது. பாம்பு கிண்ணத்தில் சுருண்டிருந்தால் அன்று தொடவே வேண்டாம், மறுநாள் வரலாம் என்பதையும் சொல்லுங்கள். பிறகு இப்படி ஒரு தாள் எழுதித் தொட்டிமேல் ஒட்டுங்கள்:

"திறக்குமுன் பாம்பு எங்கே இருக்கிறது என்று பார்க்கவும். கதவருகே இருந்தால் திறக்க வேண்டாம்.
தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக் கழுவி, புதுத் தண்ணீர் வைக்கவும். சமையலறைத் தொட்டியில் கழுவ வேண்டாம்.
கழிவு இருந்தால் சுற்றியுள்ள படுகையோடு கரண்டியால் அள்ளிப் பையில் கட்டிப் போடவும்.
மூடிப் பூட்டியதும் பூட்டையும் நான்கு தெர்மாமீட்டரையும் படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பவும்.
சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவவும்.
பைத்தான் தொட்டிச் சூடான பக்கம் 36க்கு மேல், அல்லது குட்டித் தொட்டிச் சூடான பக்கம் 33க்கு மேல் காட்டினால் ஹீட்டர் பிளக்கைக் கழற்றிவிட்டுப் போன் செய்யவும்.
இரை கொடுக்க வேண்டாம். தொட வேண்டாம். தட்டிப் பார்க்க வேண்டாம்."

கை கழுவுவது சம்பிரதாயத்துக்கு எழுதியதல்ல. நல்ல ஆரோக்கியமான பாம்பின் கழிவிலும் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் தம்பி வீட்டில் இருந்தால் அவர்களைக் கூட்டிவர வேண்டாம்.

பாம்பு கண்ணில் படவில்லை என்றால் தோண்டித் தேட வேண்டியதில்லை. பூட்டு சரியாக இருந்தால் அது மறைவிடத்தில்தான் கிடக்கும். நாள் முழுவதும் அசையாமல் கிடப்பதும் அதன் இயல்பே. ஆனால் வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் நுரை கட்டுவது, தலையை முதுகுப் பக்கமாக வளைத்து மேலே பார்த்தபடி இருப்பது, மல்லாந்து கிடப்பது, இரத்தம்: இவற்றில் எதைப் பார்த்தாலும் உங்களுக்காகக் காத்திராமல் மருத்துவரை அழைக்க வேண்டும். மணிக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே கிடந்தால் முதலில் சூட்டைப் பார்க்கட்டும். பெரும்பாலும் தொட்டி காய்கிறது என்று பொருள். சூடு சரியாக இருந்து, தண்ணீரில் கடுகைவிடச் சிறிய கறுப்புப் புள்ளிகள் மிதந்தால் அவை பாம்பு உண்ணிகள். ஊர்வனவற்றுக்கு எல்லாக் கால்நடை மருத்துவரும் சிகிச்சை செய்வதில்லை. யார் பார்ப்பார் என்று இப்போதே விசாரித்து, எண்ணையும், "என் தம்பி கொண்டுவந்தால் சிகிச்சை அளிக்கலாம், செலவு என்னுடையது" என்று கையெழுத்திட்ட கடிதத்தையும் தாளோடு வையுங்கள். வளர்க்க உரிமம் தேவைப்படும் இடமாக இருந்தால் அதன் நகலும் அங்கேயே இருக்கட்டும்.

மின்சாரம் நெடுநேரம் போனால் தம்பி செய்ய வேண்டியது குறைவு. தொட்டியைப் போர்வையால் சுற்றி, காற்று போக ஓர் ஓரத்தைத் திறந்துவிடச் சொல்லுங்கள். அறை 20 டிகிரிக்குக் கீழே போனால் மட்டும், 40 டிகிரி அளவில் வெதுவெதுப்பான தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பி, துண்டில் சுற்றிச் சூடான பக்கத்தில் வைக்கலாம். கொதிநீர் கூடாது. மெழுகுவர்த்தி, ஸ்டவ் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. வயிறு காலியாக இருப்பதன் பலன் இந்த மாதிரி இரவில்தான் தெரியும்.

குட்டி வெளியேறிவிட்டது என்று செய்தி வந்தால், அறைக் கதவைச் சாத்தி அடியில் துணியைத் திணிப்பதுதான் முதல் வேலை. முதல் நாளில் அது பெரும்பாலும் அதே அறையில்தான் இருக்கும். சுவரோரமாக, சாமான்களுக்கு அடியில், சூடான கருவிகளுக்குப் பின்னால், இரவில் டார்ச் அடித்துத் தேட வேண்டும். இதற்குத் தம்பியை நம்பாமல் நண்பரை அழையுங்கள். அகப்படாவிட்டால் வாசற்படியில் மாவை மெல்லியதாகத் தூவி வைத்தால் எந்தப் பக்கம் ஊர்ந்தது என்று காலையில் தெரியும்.

நண்பர் வீட்டில் விட ஏன் வேண்டாம் என்கிறோம் என்றால், அவர் நன்றாகப் பார்த்துக்கொள்ள மாட்டார் என்பதால் அல்ல. நிறையப் பாம்பு உள்ள இடத்தில் உண்ணியும் மூச்சுத்தொற்றும் எளிதாகப் பரவும். மலைப்பாம்புகளைத் தாக்கும் நிடோவைரஸ், வெளியே எதுவும் காட்டாத பாம்பிடமிருந்தும் தொற்றும். இடம் மாறினாலே பால் பைத்தான் இரையை நிறுத்திக்கொள்ளவும் கூடும். வேறு வழியே இல்லையென்றால் தொட்டி, தெர்மோஸ்டாட், இடுக்கி அத்தனையையும் கூடவே அனுப்பி, அவருடைய பாம்புகள் இல்லாத தனி அறையில் வைக்கச் சொல்லுங்கள். பாம்பை முடிச்சுப் போட்ட துணிப்பையில் இட்டு, துளையிட்ட பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோக வேண்டும். நிறுத்திய காரில் ஐந்து நிமிடம்கூட விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

கிளம்பும் அன்று இரண்டு வேலை. இரண்டு பாம்பையும் டிஜிட்டல் தராசில் எடை பார்த்து எழுதி வையுங்கள். உறைந்த இரை வைத்திருக்கும் ஃப்ரீசரில், ஒரு டம்ளர் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு நாணயத்தை வையுங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் இரை கெடவில்லை. பனிக்கட்டிக்குள் இறங்கியிருந்தால், நடுவில் ஃப்ரீசர் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்த இரை அத்தனையையும் தூக்கிப் போடுங்கள்.

வந்ததும் ஆசையில் கையில் எடுக்க வேண்டாம். முதல் நாள் தெர்மாமீட்டரின் அதிகபட்ச, குறைந்தபட்ச எண்களைப் பார்த்து, படுகையைச் சுத்தம் செய்து, எடை பாருங்கள். இரண்டாம் நாள் இரை. முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, கொடுக்குமுன் பையோடு 40 டிகிரித் தண்ணீரில் வைத்துச் சூடாக்கினால் உள்ளே வரை இளகும். விட்ட நாளுக்கும் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்காதீர்கள். குட்டிக்கு வழக்கத்தைவிட ஒரு அளவு சிறியதே நல்லது. பின் இரண்டு நாள் தொடாதீர்கள். கக்கிவிட்டால் பத்துப் பதினான்கு நாள் பொறுத்து, பாதி அளவு இரையில் தொடங்குங்கள். பைத்தான் முதல் தடவை மறுத்தால் ஒரு வாரம் விட்டு மறுபடி காட்டலாம். கிளம்பும் அன்று எழுதிய எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது பெரியதற்கு 145 கிராமோ குட்டிக்கு நாலைந்து கிராமோ குறைந்திருந்தால், இரையோடு போராடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.